அரை மில்லிமீட்டர் வம்பு

கிரைண்டர் என்றதும் நம்மவர்களுக்கு இட்லி மாவுதான் நினைவுக்கு வரும். இது வேறு கிரைண்டர். மரம் அறுக்கும் 'செயின் சா'வின் சங்கிலிப் பற்களுக்குச் சாணை பிடிக்கிற சிறு மெஷின். தட்டு போல மெல்லிய சாணைக்கல், அதையும் மோட்டாரையும் தாங்கி மேலும் கீழும் இறங்கும் ஒரு கை, கீழே சங்கிலியைக் கவ்விப் பிடிக்க இரண்டு தாடைகள். அவ்வளவுதான் சமாசாரம். குடகில் சித்தாபுரத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஆசை ஆசையாக ஒன்று வாங்கினார். மூன்றே மாதத்தில் ஊரில் ஒருவரும் அதன் பக்கம் வருவதில்லை என்று ஆகிவிட்டது.

"மெஷின்ல சாணை பிடிச்சா அறுப்பு கோணுது சாரே. எனக்கு அரமே போதும்" என்றார், எஸ்டேட்டுகளில் மரம் அறுக்கும் கண்ணூர்க்காரர் ஒருவர். அரம் வைத்துக் கையால் ராவினால் ஒரு சங்கிலிக்கு அரை மணி நேரம் ஆகும். மெஷினில் பத்து நிமிடம். இருந்தும் வேண்டாம் என்கிறார்.

அவர் அறுத்த சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டையைப் போய்ப் பார்த்தோம். மேஜை போல மட்டமாக இருக்க வேண்டிய வெட்டு, சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்து கீழே இறங்கியிருந்தது. பார்க்க வேடிக்கை. நினைத்துப் பார்த்தால் பகீரென்கிறது. மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஒரு குடைவு வெட்டுவார்கள். பிறகு பின்பக்கமிருந்து அறுத்துக்கொண்டு வந்து, நடுவில் ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் மாதிரி அந்தப் பட்டைதான் மரத்தை வழிநடத்திப் படுக்க வைக்கும். பின்வெட்டு கோணிக்கொண்டு குடைவின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அடிமரம் கட்டையிலிருந்து பின்புறமாக வழுக்கி, அறுப்பவர் மேலேயே வரலாம். திசை மாறி விழுந்தால் கீழே பல வருஷம் வளர்ந்த காப்பிச் செடிகள், பக்கத்து மரத்தில் ஏறிய மிளகுக் கொடி எல்லாம் போச்சு. நஷ்டம் முதலாளிக்கு, ஏச்சு இவருக்கு. சங்கிலி வாங்குகிற காசும் இவருடையதுதான்.

அறுப்பு ஏன் கோணுகிறது? இந்தச் சங்கிலியில் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி வரும். இந்த ஏற்பாடே ஒரு புழு சொல்லிக் கொடுத்தது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் காடுகளில் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர், ஒரு வண்டின் புழு மரத்தைச் சுலபமாகக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மென்றுகொண்டே போயின. அதைப் பார்த்து அவர் செய்த சங்கிலி அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான சங்கிலிகள் அதன் வாரிசுகள்.

ஒவ்வொரு பல்லின் மேல்தகடும் பின்பக்கம் போகப் போகச் சரிகிறது. ஆகவே சாணை பிடித்துப் பிடித்து நீளம் குறையும்போது பல்லின் உயரமும் குறையும். இடப் பற்கள் நீளமாகவும் வலப் பற்கள் குட்டையாகவும் இருந்தால் ஒரு பக்கம் அதிகமாக மரத்தைக் கடிக்கும். ரம்பம் ஒரு பக்கமாக இழுக்கும். சங்கிலி ஓடும் தகட்டின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதால் நண்பர் முதலில் அதை மாற்றிப் பார்த்திருக்கிறார். பலனில்லை.

சும்மா இருக்க முடியாத எனக்கு ஒரு வெர்னியர் கிடைத்தது. மெஷினில் சாணை பிடித்த ஒரு சங்கிலியின் 36 பற்களையும் அளந்து, இடம் 18, வலம் 18 என்று தாளில் எழுதினோம். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒரே பக்கத்துப் பற்களே ஒன்றுக்கொன்று 0.4 மி.மீ. வரை வேறுபட்டன. அது போக, இடப் பற்களின் சராசரி வலப் பற்களைவிட 0.6 மி.மீ. அதிகம். முதலாவது சிதறல், இரண்டாவது நிலையான வித்தியாசம். இரண்டும் வேறு வேறு வியாதிகள். அளக்காமல் மருந்து கொடுத்திருந்தால் ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதற்குப் போயிருக்கும்.

சிதறலுக்குக் காரணம் ஆட்டம். மோட்டாரைத் தாங்கும் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்றது. வார்ப்பு இரும்பில் ஒரு துளை, அதில் ஒரு போல்ட். துளை போல்ட்டைவிடத் தாராளமாக இருந்தது. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் ஒன்று அடித்து, நைலான் பூட்டுள்ள நட் போட்டு முடுக்கினோம். கை தன் எடையில் இறங்க வேண்டும், பக்கவாட்டில் அசையக்கூடாது. அந்தப் பதம் வரும் வரை நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது பல்லின் முதுகில் முட்டுக்கொடுக்கும் சிறு நாக்கு. பல் எவ்வளவு நீளம் மிஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். இதுவும் தன் ஆணியில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஃபைபர் வாஷர், எப்போதும் ஒரே பக்கம் அழுத்த ஒரு சின்ன ஸ்பிரிங். கல் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் திருகு அதிர்வில் தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு செக் நட். இவ்வளவுக்கும் ஒரு நாள் பிடித்தது. மறுநாள் அளந்தால் ஒரே பக்கப் பற்களுக்குள் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வந்துவிட்டது. ஆனால் இடம்-வலம் வித்தியாசம்? அதே 0.6. அசையவே இல்லை!

இதுதான் சுவாரசியமான பகுதி. இடப் பல்லுக்குச் சாணை பிடிக்கத் தாடையை 30 டிகிரி ஒரு பக்கம் திருப்புகிறோம். வலப் பல்லுக்கு 30 டிகிரி மறுபக்கம். தாடை ஓர் அச்சில் சுழல்கிறது. சங்கிலியின் நடுக்கோடு சரியாக அந்த அச்சின் மேல் போனால் இரண்டு பக்கமும் சமம். நடுக்கோடு சற்று விலகியிருந்தால், ஒரு பக்கம் திருப்பும்போது பல் கல்லை நெருங்கும்; மறுபக்கம் திருப்பும்போது விலகும். பள்ளிக்கூட முக்கோணவியல்தான். விலகலை 1.15-ஆல் பெருக்கினால் கிடைப்பது இருபக்கப் பற்களின் நீள வித்தியாசம். நமக்கு வித்தியாசம் 0.6, ஆகவே விலகல் அரை மில்லிமீட்டர் சொச்சம். தச்சர்கள் சொல்லும் ஒரு நூலில் ஆறில் ஒரு பங்கு. இதற்காகவா மரம் திசை மாறுகிறது என்று நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த மெஷினில் ஒரு தாடை நிலையானது, மற்றது நகர்வது. நிலையான தாடைக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் தகடு வைத்தால் சங்கிலி நடுவுக்கு வந்துவிடும். முதலில் குளிர்பான டப்பாவை வெட்டி ஐந்து துண்டு அடுக்கி வைத்தோம். அளவு சரியாகத்தான் வந்தது. நாலைந்து முறை முடுக்கியதும் நசுங்கி நழுவிவிட்டது. அலுமினியத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பிறகு ஒரு பழைய ஃபீலர் கேஜிலிருந்து 0.50 என்று எழுதிய எஃகு இதழைக் கழற்றி வைத்தோம். அது நின்றது. விலகல் எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் தகடு உதவாது, தாடையையே தேய்க்க வேண்டியிருந்திருக்கும். தகடு வைத்த பிறகு கோணம் காட்டும் அளவுகோலைச் சரிபார்த்தோம். அது ஒட்டிய ஸ்டிக்கர். ஒட்டியவருக்கு என்ன அவசரமோ, ஒரு பக்கம் இரண்டு டிகிரி தள்ளி ஒட்டியிருந்தார். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, இரு பக்கமும் 30 டிகிரிக்குக் கோடு கீறிக்கொண்டோம்.

மெஷின் சரியானாலும் கை சரியாக இருக்க வேண்டும். 145 மி.மீ. கல் நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் அதன் விளிம்பு மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பல்லில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் நீலம் பூக்கும். நீலம் பூத்த பல்லின் பதம் போய்விட்டது; அப்புறம் எவ்வளவு கூராக்கினாலும் நிற்காது. தொட்டு எடு, தொட்டு எடு என்று இரண்டு மூன்று முறை இறக்குவதே சரி. கல்லின் விளிம்பில் பிசிறும் பிசினும் அடைந்தால் அதற்கென்று உள்ள கட்டையால் தேய்த்துச் சீராக்க வேண்டும். புதுக் கல்லை மாட்டுமுன் மரக் கைப்பிடியால் தட்டிக் கேட்பது நல்லது. கணீரென்று ஒலிக்காமல் மொட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், தூக்கி எறியுங்கள். கண்ணாடி போடாமல் இந்த மெஷின் பக்கம் வருகிறவரை நண்பர் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

இன்னொன்று. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் அளந்து கொடுக்கிறது. சாதாரணமாகப் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும். வேகமாக அறுக்கட்டும் என்று அதை இஷ்டத்துக்குத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ரம்பத்தின் மூக்கு மரத்தில் பட்டு முகத்தை நோக்கித் துள்ளும் விபத்துக்கு அது நேர்வழி.

கண்ணூர்க்காரரைச் சமாதானப்படுத்தி ஒரு சங்கிலியை வாங்கிச் சாணை பிடித்துக் கொடுத்தோம். அவரே ஒரு பழைய பலாக் கட்டையில் வைத்து அறுத்தார். வெட்டு முகத்தில் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரம்பத்தைத் திருப்பி இன்னொரு முறை அறுத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்த பற்களை ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

இப்போதும் தினசரிக் கூருக்கு அவருக்கு அரம்தான். கல்லில் உரசியது, மரத்துக்குள் புதைந்த வேலிக் கம்பியில் பட்டுப் பல் முறிந்தது என்றால் மட்டும் பட்டறைக்கு வருகிறார். போன முறை வந்தபோது கூடவே வேறு இரண்டு பேரின் சங்கிலிகளும் அவர் பையில் இருந்தன.