ஒரே மாத்திரை, மூன்று புழுக்கள்

ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ம் தேதி அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகள் வரிசையில் நின்று ஒரு மாத்திரையைச் சப்பி விழுங்குகிறார்கள். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பாதி. 2015-ல் சில மாநிலங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் விரிந்த தேசியக் குடற்புழு நீக்க நாள் இது. குறி மூன்று: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. அம்மாக்களைப் பொறுத்தவரை எல்லாமே 'பூச்சி'தான். விலங்கியல் நிபுணர்களும் வெகுகாலம் இதைவிடப் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நூற்புழுக்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி: குழாய்க்குள் குழாய். எலும்பில்லாததால் புதைபடிவங்களும் அரிது. வாலருகே இருக்கும் நுண்ணிய உணர்வு உறுப்பு உண்டா இல்லையா என்று பார்த்து, 1930களில் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். உதடு, உணவுக்குழல், ஆண்புழுவின் வால் என்று நுணுக்கிப் பார்த்து, முதுகெலும்புள்ள விலங்குகளின் நூற்புழுக்களை அடையாளம் காண பிரிட்டனில் 1974 முதல் 1983 வரை தனி நூல்வரிசையே வெளிவந்தது.

1998-ல் மார்க் பிளாக்ஸ்டர் குழுவினர் 53 இனங்களின் ஒரு மரபணுவை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட வம்சாவளி பழைய கணக்கைக் கலைத்தது. நூற்புழுக்களுக்கு ஐந்து கிளைகள். அவற்றில் நான்கில் முதுகெலும்பிகளின் ஒட்டுண்ணிகள் இருந்தன. அதாவது, அடுத்தவர் குடலில் குடியேறும் வித்தையை இவை ஒரே மூதாதையிடம் கற்கவில்லை. தனித்தனியே பலமுறை கற்றிருக்கின்றன. கொக்கிப்புழுவின் உறவினர், யாருக்கும் தீங்கு செய்யாமல் ஆய்வுக்கூடங்களில் வளரும் சி. எலிகன்ஸ். உருண்டைப்புழுவின் பங்காளிகள் யானைக்கால் நோய்ப் புழுவும், இந்தியா 2000-ல் ஒழித்ததாகச் சான்று பெற்ற நரம்புச் சிலந்தியும். சாட்டைப்புழு இவர்கள் எல்லோருக்கும் வெகுதூரத்துச் சொந்தம்.

உருண்டைப்புழுவின் நடத்தை விசித்திரமானது. வாய்வழி குடலுக்குள் வந்த முட்டை பொரிந்ததும் இளம்புழு அங்கேயே தங்குவதில்லை. ஈரல், நுரையீரல், தொண்டை என்று சுற்றி, மறுபடி விழுங்கப்பட்டு அதே குடலுக்குத் திரும்புகிறது. 1922-ல் ஜப்பானிய மருத்துவர் கோய்னோ 2,000 முட்டைகளைத் தானே விழுங்கி, பிறகு தன் சளியில் இளம்புழுக்களைக் கண்டார். (தம்பிக்குப் பன்றிப்புழுவின் முட்டைகளைக் கொடுத்தார். அண்ணன்களை நம்பக்கூடாது.) ஏன் இந்த வீண் யாத்திரை? தோலைத் துளைத்து நுழைந்த மூதாதைகளின் பழக்கம் மிச்சமிருக்கிறது என்றார் கனடாவின் ராய் ஆண்டர்சன். எல்லோரும் இதை ஏற்கவில்லை.

மாத்திரைக்கு இந்த வம்சாவளியெல்லாம் தெரியாது. விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒரு வேளை அல்பெண்டசோலில் உருண்டைப்புழு நீங்கியவர்கள் சுமார் 96 சதவீதம், கொக்கிப்புழு 80, சாட்டைப்புழுவோ 31தான்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கதை தெரியும். 1961-ல் இதே மருந்துக் குடும்பத்தின் தயாபெண்டசோல் வந்தது. சில ஆண்டுகளிலேயே ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழு அதற்கு மசிய மறுத்தது. அந்தப் புழு, கொக்கிப்புழுவின் கிளையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் நாய்களின் கொக்கிப்புழுக்களும் இப்போது பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. மனிதக் கொக்கிப்புழு அந்த அளவுக்குப் போய்விட்டதாகத் தெளிவான ஆதாரம் இல்லை.

சாட்டைப்புழுவில் வேறு சிக்கல். அல்பெண்டசோலுடன் ஐவர்மெக்டினைச் சேர்த்துக் கொடுத்தால் லாவோஸிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் நல்ல பலன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோட் டிவாரில் பலன் மிகக் குறைவு. மருந்து எதிர்ப்பு என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது, அங்கே இருந்தது பன்றியின் சாட்டைப்புழுவுக்கு நெருக்கமான வேறொரு இனம் என்று தெரிந்தது. வைத்த பெயர் டிரைக்கூரிஸ் இன்காக்னிடா, அடையாளம் தெரியாதது. இந்தியாவில் எந்தச் சாட்டைப்புழு என்று மலப் பரிசோதனை சொல்லாது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் அங்கே எண்ணப்படுவது முட்டைகள் மட்டுமே.