பாட்டிலுக்கு முன்னால் சீம்பால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர்டு ஆகியும் டீச்சர் பாடம் நடத்துவதை விடவில்லையே என்று நினைக்காமல் கடைசிவரை படியுங்கள். வீட்டில் ஆடு இல்லாதவர்களும் படிக்கலாம். ஊரில் அம்மாவோ சித்தியோ பெரியப்பாவோ ஆடு வளர்க்காத குடும்பம் நம்மில் குறைவுதான்.

மழைக்காலம் வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து எனக்கு வரும் வாட்ஸப் வீடியோக்களில் பாதி ஆட்டுக்குட்டி வீடியோதான். குழந்தைகள் மடியில் குட்டியைப் படுக்க வைத்து, கைப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் பாட்டிலில் பால் கொடுப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாலு நாள் கழித்து “அந்தக் குட்டி என்ன ஆச்சு?” என்று கேட்டால், “தாயில்லாக் குட்டி டீச்சர், தங்கலை” என்று பதில் வரும். மாம்சாபுரம் பக்கம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து பத்துக் கன்னி ஆடு வாங்கினான். ஒரே மழையில் மூன்று பாட்டில் குட்டிகளை இழந்துவிட்டு, இதே வார்த்தையைத்தான் போனில் சொன்னான்.

தங்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது விதி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டில் குட்டிகளில் பெரும்பாலானவை தாயில்லாததால் சாவதில்லை. முதல் நாள் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் சாகின்றன. அது கிடைத்து மிஞ்சினவற்றில் பல, நம்முடைய அன்பு அளவுக்கு மிஞ்சிப் போவதால் சாகின்றன. இரண்டையும் நம்மால் மாற்ற முடியும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம ஊர் ஆட்டைப் பற்றி. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தின் சொத்து கன்னி ஆடு. கருப்பு உடம்பில், முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி. செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. வறட்சி தாங்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், சில ஈற்றில் மூன்றும் போடும். ஆனால் ஆட்டுக்கு இருப்பது இரண்டு காம்பு. வலுத்த இரண்டும் முட்டிக் குடித்துவிடும், மூன்றாவது ஒதுங்கி நிற்கும். நம்ம ஊரில் பாட்டில் தேடி வருவது பெரும்பாலும் அந்த மூன்றாவது குட்டிதான். மற்றது தாய் இறந்ததும், மடிநோய் வந்த தாயின் குட்டியும்.

இப்போது சீம்பாலுக்கு வருவோம். மனிதக் குழந்தைக்கு வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி ஓரளவு வந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி வராது. ஆட்டின் நச்சுக்கொடி அந்தச் சத்தைக் கடத்தாது. குட்டி ஒன்றுமில்லாத வெறும் கையோடுதான் மண்ணில் விழுகிறது. அதற்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தச் சத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் கதவு குட்டியின் குடலில் பிறந்த சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும். மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் ஏறக்குறைய அடைத்துவிடும். மறுநாள் ஒரு லிட்டர் கொடுத்தாலும் அது வெறும் பால்தான்.

கணக்கு சுலபம். இரண்டு கிலோ குட்டி என்றால் முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் 50 மில்லி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். தாயின் சீம்பால் முதல் தரம். இல்லையென்றால் அன்றைக்கு ஈன்ற இன்னொரு ஆட்டினுடையது. அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். கொதிக்க வைக்கக் கூடாது. கொதித்தால் திரிந்துபோகும், அந்தச் சக்தியும் செத்துப்போகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும்.

“சீம்பாலுக்கு எங்கே போவது டீச்சர்?” என்று கேட்காதீர்கள். நாம் இருப்பது பால்கோவா ஊர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா அது. சுற்றுக் கிராமங்களில் பசு மாடு கன்று போடாத வாரம் உண்டா? ஈன்ற முதல் சில நாள் பாலைச் சொசைட்டியில் வாங்கமாட்டார்கள். கன்று குடித்தது போக மிச்சத்தை வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து அக்கம்பக்கம் கொடுப்போம். நானும் ஆசையாகச் சாப்பிடுவேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுப்பில் ஏற்றும் முன் இரண்டு டம்ளரை எடுத்து, 50 மில்லி, 100 மில்லியாகச் சுத்தமான கவரில் கட்டி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். பல மாதம் கெடாது. வெளிநாட்டுப் பண்ணைகளில் இது சாதாரணப் பழக்கம். தெருவுக்கு ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் நாலு கவர் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆடு செத்தாலும் குட்டி சாகாது. இதற்கு அரசாணை வேண்டாம், பட்ஜெட் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சில வீடுகளில் முதல் பாலைக் “கெட்டுப்போன பால்” என்று தரையில் பீய்ச்சிவிடுகிறார்கள். சிரிக்காதீர்கள், நம் வீடுகளிலும் இப்படித்தான் இருந்தது. பிள்ளை பிறந்ததும் தாயின் மஞ்சள் பாலை ஒதுக்கிவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தோம். நர்சம்மாக்கள் வீடு வீடாக வந்து சொல்லிச் சொல்லி, பிறந்த ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் என்று மாற்றினார்கள். பிள்ளைக்கு மாற்றிக்கொண்ட நாம் குட்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது அன்பு மிஞ்சும் கதை. ஆட்டுக்கு வயிற்றில் நான்கு அறை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். பால் போக வேண்டியது நான்காவது அறைக்கு. குட்டி கழுத்தைச் சற்று நீட்டிச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு வாய்க்கால் தானாக மூடிக்கொண்டு, முதல் அறைக்குள் விடாமல் பாலை நேராகக் கடத்திவிடும். கண்மாய் மடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலும் மூங்கில் கொட்டத்திலும் வாயைப் பிளந்து ஊற்றினால் குட்டி சப்புவதில்லை, மடை சரியாக வேலை செய்வதில்லை. பால் முதல் அறையில் விழுந்து புளித்து, வயிறு உப்பும், கழியும். இன்னும் மோசம், மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் சளி கட்டி இரண்டு நாளில் முடிந்துவிடும். மல்லாத்திப் போட்டுக் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்து நான் பதறுவது அதனால்தான். குட்டி நான்கு காலில் நிற்கட்டும். தாய் மடி இருக்கும் உயரத்தில் பாட்டிலைப் பிடியுங்கள். நிப்பிள் ஓட்டையைப் பெரிசாக்காதீர்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் கொடுப்பதும் தவறு. வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, பல்பு வெளிச்சத்திலோ வெயிலிலோ உடம்பைச் சூடேற்றுங்கள். அதன் நல்ல சூடு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மைவிட அதிகம். நிமிர்ந்து சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். அப்படியும் நிமிராவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசி மூலம் குளுக்கோஸ் தேவைப்படலாம்.

இரண்டாவது நாளிலிருந்து எவ்வளவு பால்? உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை, ஒரு நாளைக்கு. இரண்டு கிலோ குட்டிக்கு 200 முதல் 300 மில்லி. அதை நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். கத்துகிறதே என்று ஒரே மூச்சில் அரை லிட்டர் கொடுத்தால் பாசம் விஷமாகிவிடும். வயிறு நிறையக் குடித்துத் துள்ளிக்கொண்டிருந்த குட்டி காலையில் விறைத்துக் கிடந்தால், “கண்ணு பட்டுருச்சு” என்று பூசணிக்காய் உடைக்கிறோம். பல நேரம் அது துள்ளுமாரி. குடலில் அமைதியாக இருக்கும் ஒரு கிருமி, திடீரென்று கிடைத்த அதிகத் தீனியில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால் அதன் பலன் குட்டிக்கு எதன் வழியாக வரும் தெரியுமா? சீம்பால் வழியாகத்தான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

பாலில் தண்ணீர் கலப்பதும் பரவலான தவறு. “கெட்டியா இருந்தா செரிக்காது” என்று பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். வயிறு நிறைகிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. வீட்டுப் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, அப்படியே கொடுங்கள். பாக்கெட் பால்தான் என்றால், ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், ஆட்டுப்பாலைவிடக் குறைவு. அதில் தண்ணீரும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? டீக்கு மிஞ்சிய பால், சர்க்கரை, கஞ்சி, ரேஷன் அரிசிச் சோறு எதுவும் ஆகாது. ஒவ்வொரு வேளையும் பாட்டிலையும் நிப்பிளையும் வெந்நீரில் கழுவுங்கள்.

கழிச்சல் வந்துவிட்டால் பயப்படாமல் ஓஆர்எஸ் பொடியை வாங்கிக் கரைத்து, இரண்டு பால் வேளைக்கு நடுவில் தனியாகக் கொடுங்கள். பாலில் கலக்க வேண்டாம், பாலை நாள்கணக்கில் நிறுத்தவும் வேண்டாம். கண் உள்ளே போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, குட்டி எழுந்து நிற்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. மூன்று நான்கு வாரக் குட்டிக்கு வரும் ரத்தக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈரமான, அழுக்கான கொட்டில்தான் காரணம். தாத்தாவுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை உடைத்துப் போடும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, போனில் பதிந்து வையுங்கள். ராஜபாளையத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சந்தேகத்தை அங்கேயும் போய்க் கேட்கலாம்.

பிறந்ததும் தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். இல்லையென்றால் அந்த வழியே கிருமி ஏறி மூட்டு வீங்கும். இரண்டு வாரத்திலிருந்து அகத்தி, சூபாபுல் கொழுந்து கட்டித் தொங்கவிட்டால் கொறித்துப் பழகி, அசைபோடக் கற்றுக்கொள்ளும். இரண்டு, இரண்டரை மாதத்தில் மெதுவாகப் பால் மறக்கடிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் தெரிய வந்தது 1987-ல், நம்ம தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கம் அரசூரில். 2030-க்குள் உலகத்தை விட்டே அதை ஒழிக்க வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இலக்கு. நம் பட்டியில் ஊசி போடுவதும் அந்தப் பெரிய வேலையில் ஒரு பங்குதான்.

“ஒரு குட்டிக்கு இத்தனை பாடா, கட்டுப்படி ஆகுமா?” என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. சராசரி நாளுக்கு 400 மில்லி, 75 நாள் என்றால் 30 லிட்டர். லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். அதனால்தான் சொல்கிறேன், பாட்டில் கடைசி வழி. ஒற்றைக் குட்டி போட்ட ஆடு இருந்தால், அதன் பனிக்குட நீரை மூன்றாவது குட்டி மேல் தடவி, இரண்டு மூன்று நாள் ஆட்டைப் பிடித்து ஊட்டவிடுங்கள். பல ஆடுகள் ஏற்றுக்கொள்ளும். செலவும் இல்லை, ராத்திரி விழிப்பும் இல்லை. அது முடியாதபோதுதான் பாட்டில். எடுத்தால் முறையாக எடுக்க வேண்டும். அரைகுறையாகச் செய்தால் பாலும் போகும், குட்டியும் போகும்.

2011-ல் அரசு ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்று விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. பிறகு கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஆடு வாசலுக்கு வந்த வேகத்தில் இந்த அறிவு வரவில்லை. தனியாக வாழும் ஒரு பெண்ணுக்குக் குட்டி என்பது வீடியோ இல்லை, சேமிப்பு. என் வகுப்பில் நோட்டுப் புத்தகமும் பரீட்சைப் பணமும் கிடாய் விற்ற காசில் வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குட்டி செத்தால் ஒரு வருஷப் படிப்பு ஆட்டம் காணும்.

ஆகையால் ஒரு வீட்டுப்பாடம். சேத்தூரோ, தளவாய்புரமோ, வத்திராயிருப்போ, உங்கள் ஊர் எதுவானாலும், உங்கள் தெருவில் எந்த வீட்டு ஃப்ரீசரில் சீம்பால் வைக்கலாம் என்று இந்த வாரம் பேசி முடிவு செய்யுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த ஈற்றில் இரண்டு டம்ளர் ஒதுக்குங்கள். வைத்தவர்கள் ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். தேவைப்படுகிறவர்கள் அதைப் பார்த்து வந்து வாங்கிக்கொள்ளட்டும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்