முந்நூறு மீட்டர்

எங்கள் ஊரின் நடுவே இருந்த பழைய பேருந்து நிலையமும் அதை ஒட்டிய கடைவளாகமும் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டு வருகின்றன. சுற்றிலும் தகரத் தடுப்பு. தடுப்பின் மேல் ஒரு பெரிய வண்ணப் படம்: நிழல் தரும் மரங்கள், பளபளக்கும் தரை, கைப்பைகளோடு சிரித்துக்கொண்டு நடக்கும் மனிதர்கள். அந்தப் படத்தைச் சென்ற மாதம் ஒரு மாலை வெகுநேரம் நின்று பார்த்தேன். அதில் ஊன்றுகோலோடு ஒருவர்கூட இல்லை.

ஏன் அப்படித் தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு கல்லூரியில் பணியாற்றும் கணித ஆசிரியர் ஒருவர் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களிலும் வலுவிழந்தவர். பின்புறம் இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் எங்கும் செல்வார். மருந்துக்கடைப் படிக்கட்டின் ஓரம் வண்டியை நிறுத்தி, இரண்டு ஊன்றுகோல்களையும் எடுத்து ஊன்றினால் பத்து அடியில் கடை. பக்கத்திலேயே வங்கி, தபால் நிலையம், காய்கறிச் சந்தை. வேலை தொடங்கியதும் அந்த ஓரம் தடுப்புக்குள் போய்விட்டது. எல்லா வண்டிகளுக்கும் சந்தைக்குப் பின்னால் ஒரு மண் மைதானத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து மருந்துக்கடை சுமார் 300 மீட்டர். "சார், வண்டி இருக்கு, பெட்ரோல் இருக்கு, இறங்கத்தான் இடம் இல்லை" என்றார் நண்பர். இப்போது மருந்தைக்கூட மகனிடம் சொல்லித்தான் வாங்குகிறார்.

முந்நூறு மீட்டர் ஒரு தூரமா என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து நிமிட நடை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பின்பே என் எண்ணம் மாறியது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இரு கால்களும் வலுவிழந்தவர் நடப்பது எப்படி? ஊன்றுகோல்களை முன்னே வைக்கிறார். கைகளை அழுத்தி உடலை மேலே தூக்குகிறார். உடல் ஊசல்போல முன்னே ஆடி வந்து தரையில் இறங்குகிறது. ஒரு வீச்சுக்கு 80 செ.மீ. முன்னேறுகிறார் என்றும், உடலின் ஈர்ப்பு மையம் 4 செ.மீ. மட்டுமே உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 300 மீட்டரைக் கடக்க 375 வீச்சுகள் வேண்டும். 375 முறை 4 செ.மீ. என்றால் 15 மீட்டர். அதாவது ஏறக்குறைய ஐந்து மாடி உயரத்துக்குத் தம் உடலைத் தோளாலும் கையாலும் தூக்குகிறார். உடல் எடை 60 கிலோகிராம் என்றால் 60 × 9.8 × 15, சுமார் 8,800 ஜூல். பிறகு மருந்துப் பையோடு திரும்பி வரவேண்டும். மீண்டும் ஐந்து மாடி.

நாமும் நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் சற்றே எழுந்து தாழ்கிறோமே, அதற்கு என்ன என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் நடையில் நிலையாற்றலில் பெரும்பகுதி இயக்க ஆற்றலாக மாறி அடுத்த அடிக்கு உதவுகிறது. உடலைத் தாங்குபவை, அதற்கென்றே அமைந்த தொடைத் தசைகள். ஊன்றுகோல் நடையிலும் ஊசலாட்டத்தால் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் தூக்கும் வேலை கைகளுக்கு. கைகள் அதற்காக அமைந்தவை அல்ல.

இனி அந்த மண் மைதானத்துக்கு வருவோம். உடலின் எடை முழுவதும் இரு ஊன்றுகோல்களில் நிற்கும் கணத்தில், ஒவ்வொன்றும் 30 கி.கி. எடையைத் தாங்குகிறது. அதன் அடியிலுள்ள ரப்பர்க் குமிழின் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. எனவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கி.கி. எடை. ஒற்றைக் காலில் நிற்கும் நமக்குக் காலணியின் பரப்பு 150 சதுர செ.மீ. என்று கொண்டால், 0.4 கி.கி.தான். ஆறு மடங்கு அழுத்தம்! நாம் கவனிக்காமலே கடந்துவிடும் மணலில் ஊன்றுகோல் ஆழமாக இறங்குகிறது; பரப்பிவைத்த ஜல்லியில் சறுக்குகிறது. மழை பெய்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

வண்டியின் கதை இன்னும் விந்தையானது. ஸ்கூட்டரின் இயந்திரம் சுழற்றுவது நடுவிலுள்ள பின்சக்கரத்தை மட்டும். இணைப்புச் சக்கரங்கள் சாயாமல் தாங்குவதற்கே. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தின் மேல் நடுச்சக்கரம் வந்து, இரு பக்கச் சக்கரங்களும் மேட்டில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பின்சக்கரம் தரையை அழுத்தாது. அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வு இல்லை. உராய்வு இல்லாத இடத்தில் வண்டி நகராது. சக்கரம் அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். இறங்கித் தள்ளலாம் என்றால், தள்ள வேண்டியவர் யார்?

கட்டண நிறுத்தகங்களில் இந்த வண்டி எந்த வகையிலும் சேராது. நண்பரின் வண்டியை நாடாவால் அளந்தேன்; பின்புற அகலம் 1.15 மீ. எங்கள் மைதானத்தில் இருசக்கர வண்டிக்குச் சுண்ணாம்புக் கோட்டால் பிரித்திருக்கும் அகலம் 75 செ.மீ. கார் வரிசையில் நிறுத்தினால் கார்க்காரர் கோபிக்கிறார். டோக்கன் கொடுக்கும் தம்பியோ, "ஸ்டாண்டு போட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்க அண்ணே" என்கிறார். பாவம், அவர்மேல் குற்றம் இல்லை. ஒருவாறு நிறுத்தினாலும், திரும்பி வருவதற்குள் இரு புறமும் வேறு வண்டிகள் நெருங்கி நின்றுவிடும். ஊன்றுகோலோடு இடையில் நுழைய முடியாது.

இவற்றுக்கெல்லாம் விதிகள் இல்லாமலில்லை. மைய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, மாற்றுத்திறனாளிகளின் காரை நிறுத்தும் இடம் குறைந்தது 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்கவேண்டும். கட்டட வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அமையவேண்டும். 3.6 என்ற எண் எங்கிருந்து வந்தது? காருக்கு 2.4 மீ.; கதவை முழுதாகத் திறந்து, அருகே சக்கர நாற்காலியை நிறுத்தி, அதற்கு மாறி அமர 1.2 மீ. நடைபாதைக்கு ஏறும் சரிவுப் பாதை 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். இதுவும் நீங்கள் படித்த சாய்தளம்தான். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கி.கி. என்றால் எடை 784 நியூட்டன். 1-க்கு 12 சரிவில் ஏற்ற அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது உராய்வை நீக்கிப் பார்த்தால் 65 நியூட்டன் விசை போதும். வேலை நடக்கும் இடங்களில் "தற்காலிகமாக" ஒரு பலகையைச் சாய்த்துப் போடுகிறார்களே, அது பெரும்பாலும் 1-க்கு 4 இருக்கும். அதற்கு 190 நியூட்டன் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-இல் நிறைவேறியதே. ஆயினும் அந்த நெறிகள் கட்டாயமா, வெறும் அறிவுரையா என்ற குழப்பம் நீடித்தது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்பளித்தது: அறிவுரையாக மட்டும் இருந்தால் போதாது, மீறக்கூடாத விதிகளை வகுக்கவேண்டும். வழக்கு தொடுத்தபோது பிறந்த குழந்தை தீர்ப்பு வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்.

இந்த விதிகள் பேசுவது கட்டி முடித்த கட்டடத்தைப் பற்றி. கட்டிக்கொண்டிருக்கும் காலத்துக்கு என்ன வழி? எங்கள் ஊரில் வேலைக்குக் கெடு பதினெட்டு மாதம் என்று பலகை சொல்கிறது. இத்தகைய கெடுக்கள் எப்படி நீளும் என்பதை உங்கள் தந்தையாரிடம் கேளுங்கள். நமக்கு அது ஒரு தொல்லை. சுற்றிக்கொண்டு போவோம், முணுமுணுப்போம். நண்பருக்கோ அந்தப் பதினெட்டு மாதமும் கடைத்தெரு என்று ஒன்று இல்லவே இல்லை.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய பேருந்து நிலையத்தை மூடும் முன்னரே, ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து, கூரை போட்டு, விளக்கும் போட்டார்கள். முதலில் மாற்று இடம், பிறகு இடிப்பு என்ற வரிசை பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே வரிசையை நான்கு ஸ்கூட்டர்களுக்கும் இரண்டு கார்களுக்கும் கடைப்பிடித்திருக்கக் கூடாதா? தேவைப்படுவது கொஞ்சம் சிமெண்டுத் தளம், ஒரு டப்பா பெயிண்ட், சக்கர நாற்காலிச் சின்னம் வரைந்த ஒரு பலகை. தகரத் தடுப்பை மூன்று மீட்டர் உள்ளே தள்ளி நடவேண்டும், அவ்வளவே. 3.6-க்கு 5 மீட்டர் இடத்தில் இணைப்புச் சக்கர வண்டிகள் இரண்டைத் தாராளமாக நிறுத்தலாம். வேலையை ஒப்படைக்கும்போதே ஒப்பந்தத்தில் இதை முதல் வரியாக எழுதவேண்டும் என்பது என் கருத்து.

"ஒருவர் இருவருக்காக இடத்தைக் காலியாக வைத்திருப்பதா?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். முதலில், ஒருவர் இருவர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களில் ஐந்தில் ஒருவர் நடமாட்டத்தில் குறைபாடுடையவர். இரண்டாவதாக, குக்கரின் பாதுகாப்பு வால்வு ஆண்டு முழுவதும் சும்மாதான் இருக்கிறது. அதை வீண் என்று யாரும் அடைத்துவிடுவதில்லை.

வண்டிகளை விலக்கி, நடப்பவர்களுக்கு இடம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதைகளோடு புது உருப்பெற்றது. அங்கே நடப்பது எனக்கும் பிடிக்கும். பல ஊர்களிலும் இப்போது இந்த ஆசை பிறந்திருக்கிறது, நல்லதே. ஆனால் சிலருக்கு அந்த ஸ்கூட்டர்தான் கால். தெருமுனையில் தூண்களை நட்டு, வண்டியை அடுக்கு நிறுத்தகத்தில் விட்டுவிட்டு வா என்பது, காலை அங்கே கழற்றி வைத்துவிட்டு வா என்பதற்கு ஒப்பாகும். வண்டியில்லாத் தெருவின் இரு முனைகளிலும், ஒவ்வொரு குறுக்குத் தெரு முகப்பிலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கினால் இரு நோக்கமும் நிறைவேறும்.

சென்ற மாதம் என் மாணவர்கள் மூவர் நாடாவும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்கள். மருந்துக்கடைக்கு 22 மீட்டர் தொலைவில், தடுப்பை ஒட்டி, ஏறக்குறைய சமதளமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். அளந்து, வரைபடம் போட்டு, பொறியாளரிடம் கொடுத்தோம். மனிதர் பொறுமையாகக் கேட்டார். மறுநாளே நேரில் வந்து பார்த்து, வெள்ளைக் கோடும் போடச் செய்தார். நண்பர் இரண்டு முறை வண்டியை அங்கே நிறுத்தி மருந்து வாங்கினார். மூன்றாம் முறை போனபோது கோட்டின் மேல் ஒரு லோடு ஜல்லி கொட்டிக் கிடந்தது. நாளை வரைபடத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் போகிறோம்.