கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

சீனி வருத்தத்தால் கால்புண் ஆறாது, கண் மங்கும், சிறுநீரகம் கெடும் என்பதெல்லாம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். உணவுக்குழாயே கறுத்துப்போகும் என்பதை நாம் அண்மையில்தான் அறிந்தோம்.

நம் அங்கத்தவரான ஓர் அக்கா, கிளினிக் நாளில் மலைக்குப் போனார். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. இன்சுலின் தீர்ந்தது. தீராத தாகம், ஓயாமல் சிறுநீர், பிறகு வயிற்றுவலி, வாந்தி. ‘காஸ்ட்ரிக்’ என்று காம்பராவிலேயே படுத்திருந்தார். கோப்பித்தூள் கரைத்தது போலக் கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கமரா குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் உட்புறம் கரி பூசியது போல் இருந்ததாம்.

இது மிக அரிதாக வருவது. ஆனால் வரும் வழி அரிதானதல்ல. இன்சுலின் இல்லாத உடம்பு சீனியை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. சிறுநீரோடும் வாந்தியோடும் நீர் வற்றுகிறது. உணவுக்குழாய்க்குப் போகும் இரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் வயிற்று அமிலமும் மேலேறிச் சுட, உட்தோல் செத்துக் கறுக்கிறது. சேலைன், இன்சுலின், அமிலம் குறைக்கும் மருந்து, சில நாள் வாய்வழி உணவில்லாமை என நேரத்தோடு வைத்தியம் செய்தால் தோல் மறுபடி வளரும். பிந்தினால் உயிர் போகலாம். நம் அக்கா பிழைத்தார்.

தோழர்களே, இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட முடியாத நாளிலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சீனி வருத்தக்காரருக்கு வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், வாந்தியோ மலமோ கறுப்பாகப் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. கிளினிக் அட்டை காட்டுபவருக்கு அன்றைய பேர் போட வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் சீனி பார்க்கும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். இரவு அவசரத்துக்கு வாகனம் கொடுக்க வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம்தான். அதை வாங்கப் போகும் நாளுக்கு நம் தொழிலாளி சம்பளத்தை இழக்கிறார். தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இக்கோரிக்கையை எழுத்தில் கொடுக்கட்டும்.