கன்னி ஐயப்பனுக்கு யார் சோதனை வைத்தார்கள்?

எங்க பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. அங்கே முதல் தடவை மலைக்குப் போகிறவர் நரைத்த மீசையோடு நாலு பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தாலும் 'கன்னி ஐயப்பன்'தான். முதல் ஓட்டு, கன்னி வோட்டு. சட்டசபையில் முதல் பேச்சு, கன்னிப் பேச்சு. அதே சொல் பெண்பிள்ளை மேல் விழுந்தால் மட்டும் உடம்புச் சோதனை ஆகிவிடுகிறது! பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு இருவிரல் சோதனை கூடவே கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2022-லும் சொல்ல வேண்டியிருந்தது.

'கற்பு' கதை இன்னும் மோசம். தொல்காப்பியத்தில் களவு என்றால் காதலர் மறைவாகக் கூடுவது. கற்பு, அதற்கப்புறம் வரும் மணவாழ்க்கை. (பெண்ணின் குணமாகவும் அந்த நூல் கற்பைச் சொல்கிறது, மறைக்கவில்லை.) ஆக, கற்புக்கு முன்பே காதல் உண்டு சாமி. 2005-ல் குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதும் 'தமிழ்ப் பெண்ணின் கற்பு' என்று விளக்குமாறும் செருப்புமாகக் கிளம்பியவர்களில் எத்தனை பேர் கற்பியலைப் புரட்டியிருப்பார்கள்? அவர் மேல் போட்ட வழக்குகளை 2010-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கடல் கடந்து வந்தும் மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது மட்டும் 'நம்ம கற்பு, நம்ம பண்பாடு' என்று வகுப்பெடுக்கும் அப்பாமார்களே, மகன் கிளம்பியபோது அந்த வகுப்புக்கு லீவா?