ஊட்டுப்புரையும் உழவர் கஞ்சியும்

தக்கலைக்கு அணித்தேயுள்ள பதுமநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர் தவறாது வியந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. ஈரடுக்காய் நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையே அது. கீழே ஆயிரவர், மேலே ஆயிரவர், ஆக 2,000 பேர் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணத்தக்க கூடம். ஊறுகாய் இட்டு வைத்த மாபெருஞ் சாடிகளும் அங்கே காட்டப்படுகின்றன. கூடத்தின் நீளத்தைக் கண்டு வாய் பிளப்போர் பலர். உண்டவர் யாவர், உலையிலேறிய நெல் எவர் விளைத்தது எனக் கேட்போர் மிகச் சிலர்.

ஊட்டுப்புரை! எத்துணை இனிய தமிழ்ச்சொல்! ஊட்டுதல் தாயின் செயல். புரை என்பது வீடு. புரை என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. இக்கூடத்தைப் பொறுத்தவரை இரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன.

உண்டியில் வரம்பு கடந்தோரை உலக வரலாறு நிரம்பக் கண்டுள்ளது. கி.பி. 69இல் சில திங்களே உரோமை ஆண்ட விட்டெல்லியசு, மயிலின் மூளை, பூநாரையின் நாக்கு, அரிய மீன்களின் ஈரல் ஆகியவற்றை ஒரே தட்டில் குவித்து உண்டான். அப்பீசியசு என்னும் செல்வன் 10 கோடிக் காசை அடுக்களையில் கரைத்தான். எஞ்சியது 1 கோடியே என்று கண்டதும், இனிப் பட்டினிதான் என அஞ்சி நஞ்சுண்டு மாண்டான் என்பது செனிக்கா தரும் செய்தி. அவ்வுரோமரின் கறிகளுக்குக் காரமூட்டியது சேரநாட்டு மிளகு! ஆண்டுதோறும் 5 கோடிக் காசை இந்தியா உறிஞ்சுகிறதே எனப் பிளினி புலம்பியதும் இத்தகைய வணிகத்தை எண்ணியே.

தமிழரும் ஊண்சுவை அறியாதவரல்லர். செம்புற்றின் ஈசலைப் புளித்த மோரில் இட்டுச் சமைத்த உணவைப் புறநானூறு காட்டுகிறது. இரவும் பகலும் ஊன் தின்று பற்கள் உழுகொழுப்போல் மழுங்கியதைப் பொருநராற்றுப்படையின் பொருநன் பெருமிதத்துடன் கூறுகிறான். கரிகாலன் மனையில் அவ்வாறு உண்டவன் ஏழைக் கலைஞன், பசித்து வந்தவன். அவ்விருந்து மிகையெனினும் யாரும் அதைப் பழியார்.

திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளோ வேறு வகையின. அவை பார்ப்பனர்க்கு மட்டும் அரசின் செலவில் விலையின்றிச் சோறிட்டவை. மார்த்தாண்டவர்மர் (1729-1758) தொடங்கி வைத்த முறைசெபம் ஆறாண்டுக்கொருமுறை 56 நாள் நிகழ்வது. திருவனந்தபுரத்தில் மறையோதுவார்க்கு விருந்தோ விருந்து! அரண்மனை அடுக்களையில் எஞ்சிய காய்களைக் கூட்டிச் சமைத்ததே அவியல் ஆயிற்று என்றொரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, எஞ்சியதிலும் புதுக்கறி பிறக்குமளவு அங்கே மிகுதி இருந்ததாக மக்கள் எண்ணினர் என்பது மட்டும் தெளிவு.

அந்நெல் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்டது நாஞ்சில் நாடு. அங்குச் சேற்றில் நின்ற உழைப்பாளர் பலர் நிலத்தோடு விற்கப்பட்ட அடிமைகள். 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது. நாடார் பெண்டிர் மார்பை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்டிர் உடுத்துமாறு உடுத்தலாகாது என்னும் தடையோடுதான் அது கிட்டியது. மானத்துக்கே இந்நிலை எனின் சோற்றுக்கு என்ன நிலை? ஊட்டுப்புரைப் புகையை அவர்கள் தொலைவிலிருந்து பார்த்திருக்கலாம். வாயிலை மிதித்திருக்க இயலாது.

அவர்தம் வழித்தோன்றல்களைக் காத்தது அயல்நாட்டுக் கிழங்கொன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய மரவள்ளியைக் குமரி மக்கள் மரச்சீனி என்பர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் பயிரைப் பரப்பினார். அந்நன்மையை மறைத்தல் முறையன்று. கிழங்கில் நஞ்சுண்டு. நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிட்டால் நஞ்சு தணியும். 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட, அரிசி வரவு நின்றபோது திருவிதாங்கூர் முழுவதும் இக்கிழங்கையே நம்பிற்று. இன்று மீன்குழம்போடு அதை விரும்பி உண்போருள் பலர், அது பஞ்சத்தின் சோறாய் இருந்ததை அறியார்.

அரண்மனையில் 2,000 இலை விரிந்த அதே நாட்டில், சாமித்தோப்பில் வைகுண்டர் (1809-1851) சாதி வேற்றுமையின்றி எல்லாரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உண்ணச் செய்தார். அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்று சிறையிட்டது. ஒருவர்க்கு மட்டும் ஊட்டியது அறமாம்; எல்லாரும் உடனுண்டது குற்றமாம்!

1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது; அரண்மனையோ இன்றும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. யார் பொறுப்பில் இருப்பினும், கூடத்தின் அளவைச் சொல்லும் அதே இடத்தில், இங்கு உண்டவர் யாவர், உண்ண விடப்படாதவர் யாவர், நெல் எவர் வயலினது என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். குமரிமாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அக்கூடத்தின் வழியே நடத்திச் செல்லப்படுகின்றனர். அவர்களுட் பலர் அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பெயரர்.