அடுத்த வீட்டு அன்னை

ஆடி வெள்ளிக்கிழமைகளில் வில்லாபுரத்திலிருந்து மீனாட்சியம்மனைத் தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள் தெற்குவாசல் வழியாகவே கோயிலை அடைகின்றன. நகரின் கீழவெளி வீதியிலோ வியாகுல அன்னையின் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. அதைக் கண்ட பேரன், "அம்மாச்சி, அந்த மாதாவும் நம்ம மீனாட்சியும் ஒரே சாமிதானா?" என்று கேட்பதுண்டு. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்யா, வா" என்று சொல்லி நடையைத் தொடர்வது பெரியோர் வழக்கம்.

அவ்விடையில் நல்லெண்ணம் உண்டு. ஆனால் பள்ளியில் அருகே அமரும் கிறித்தவத் தோழன், "மாதா சாமி இல்லடா, சாமியோட அம்மா" என்று சொல்லும் நாளில் அது தளர்ந்துவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லும் விடை அன்புடையதாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

மீனாட்சி மதுரையின் அரசி. சித்திரைத் திருவிழாவில் முடிசூடிச் செங்கோல் ஏந்துபவள். சாக்த நெறியில் அன்னையே பரம்பொருள். அருள்பவளும் ஆள்பவளும் அவளே.

கத்தோலிக்கக் கிறித்தவர் மரியன்னையைக் கடவுளாக வழிபடுவதில்லை. கி.பி. 431-இல் எபேசு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவருக்கு 'இறைவனின் தாய்' என்னும் பெயரை உறுதிசெய்தது. அடியார்களுக்காக மகனிடம் பரிந்து பேசுபவர் அவர். மகனைச் சிலுவையில் கண்டு துயருற்ற தாய் என்பதாலேயே 'வியாகுல அன்னை' எனப் பெயர் பெற்றார். மகவை இழந்த தாயின் கண்ணீரை அறியாத குலம் எது?

அத்தாய்க்குத் தமிழ்க்கோலம் தந்தவர் இத்தாலியில் பிறந்து, தமிழில் தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர் (1680–1747). விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தில் மரியன்னை சேலை உடுத்து நிற்கிறார். பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்பிகைக்கும் பெரியநாயகி என்பதே திருநாமம். பெயர் ஒன்று, கோட்பாடு வேறு. ஆயினும் தாயை அழைக்கத் தமிழர்க்குத் தெரிந்த சொல்லையே முனிவரும் நாடினார்.

சீக்கியர் நெறி இன்னும் வேறானது. இறைவனுக்கு உருவமில்லை என்பதால் அங்கே விக்கிரகமும் இல்லை. எனினும் 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் இறைவனைத் தந்தை என்றும் தாய் என்றும் அழைக்கிறது. குரு நானக் (1469–1539), அரசரையும் ஈன்றவள் பெண்ணே என்பதை நினைவூட்டி, அவளை இழிவாகப் பேசுதல் தகாது என்றார். அடியார் ஆணாயினும் பெண்ணாயினும், உயிர் மணப்பெண்ணாகி இறைவனாகிய மணாளனுக்காக ஏங்குவதை அவர் பாடினார். பராங்குச நாயகியாகித் திருமாலுக்கு ஏங்கிய நம்மாழ்வாரை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. நானக் இராமேசுவரத்துக்கு எழுந்தருளினார் என்பது சீக்கியர் மரபு. அதன் நினைவாக அங்கே ஒரு குருத்வாரா உள்ளது. தீர்த்தமாடச் செல்வோர் அதையும் காணலாம்.

ஆக, ஓரிடத்தில் அன்னையே இறைவி. ஓரிடத்தில் அன்னை இறைவனின் தாய். பிறிதோரிடத்தில் இறைவனே தாயாகவும் தந்தையாகவும் நிற்க, உயிர் காதலியாகிறது. மூன்றும் ஒன்றல்ல. மூன்றிலும் பெருகும் அன்பு ஒன்றே. அன்பையும் சிவத்தையும் பிரித்துக் காணாத திருமூலரின் நாட்டில் இதனை விளக்குவது அரிதன்று.

தோழன் வீட்டுக்குச் செல்லும் பிள்ளை அவன் தாயையும் 'அம்மா' என்றே அழைக்கிறது. அவள் கையால் தரும் பலகாரத்தை மகிழ்ந்து உண்கிறது. அவளைத் தன்னைப் பெற்றவள் என்று அது மயங்குவதில்லை. தன்னைப் பெற்றவள் அல்லள் என்பதால் மரியாதையைக் குறைப்பதுமில்லை. மாலையானதும் தன் வீடு திரும்புகிறது.

அடுத்த முறை பேரன் கேட்டால், "அவங்க உன் சிநேகிதனோட வீட்டு அம்மாய்யா, கும்பிட்டுக்கோ" என்று சொல்லலாம். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு மீனாட்சியின் சந்நிதிக்கு நடக்கலாம். அன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள்.